சட்டத்துள் அடங்காத ஊர்: தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்சட்டங்களும் பிழை நீக்கமும்

தாம்பரம் 1997 வரை செங்கல்பட்டின் பெயரைக் கொண்ட பழைய மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராயிற்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதனுள் வந்து சேர்ந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. குடியிருப்போர் வீடு மாறவில்லை. ஊரின் முகவரியே மாறிக்கொண்டிருந்தது.

இத்தகைய மாற்றங்களை உடனுக்குடன் ஏற்க வேண்டிய நூல்களுள் ஒன்று, 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முதலியோரின் தொடக்க உழைப்பில் வளர்ந்து, 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்த கலைக்களஞ்சியம் அது. அதில் ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால், பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் தோன்றும். மாவட்டம், மக்கள் தொகை, அஞ்சல் குறியீடு முதலியவை அதில் வரிசையாக நிற்கும். இதனைத் தகவற்சட்டம் என்பர். கட்டுரை எழுதுவோர் இக்கட்டத்தை வரைவதில்லை. ‘வார்ப்புரு’ என்னும் பொது அச்சு ஒன்று தனிப்பக்கத்தில் இருக்கும். கட்டுரையாளர் அதனைப் பெயர் சொல்லி அழைத்து விவரங்களை மட்டும் தருவார். இந்திய ஊர்களுக்கு இவ்வாறு அமைந்த வார்ப்புருவின் பெயர் ‘இந்திய ஆட்சி எல்லை’. பாத்திர வார்ப்போர் தொழிலிலிருந்து வந்த ‘வார்ப்புரு’ என்ற சொல், கணினித் தமிழில் நேர்ந்த நல்ல பேறுகளுள் ஒன்று எனலாம்.

தமிழில் களஞ்சிய முயற்சி புதியதன்று. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இலும் வெளிவந்தன. பெரியசாமித் தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைந்தது. அச்சு நூலில் ஒரு பதிவில் நேர்ந்த பிழை அப்பதிவோடு நின்றுவிடும். அதைத் திருத்த அடுத்த பதிப்பு வரவேண்டும். பொது வார்ப்புருவில் நேரும் பிழையோ அதை அழைக்கும் அனைத்துப் பக்கங்களிலும் தோன்றும். திருத்தமும் அவ்வாறே பரவும். ஆயின், மாற்றம் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே கணத்தில் சென்று சேர்வதில்லை. வேலை வரிசையில் காத்திருந்து ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படும். இதனை அறியாதவர் தாம் செய்த திருத்தம் பலிக்கவில்லை என்று கருதி மீண்டும் திருத்தி, சரியானதைக் கெடுப்பதும் உண்டு.

விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் கட்டங்களைக் கட்டுரைதோறும் கையால் வரைந்தனர். வார்ப்புருக்களுக்கெனத் தனிப் பெயர்வெளி 2004இல் மீடியாவிக்கி மென்பொருளில் இடம்பெற்றது. ‘இவ்விவரம் தரப்பட்டிருந்தால் இவ்வரியைக் காட்டு, இல்லையேல் மறை’ என்று கட்டளையிடும் வசதி 2006இல் வந்தது. அடுக்கடுக்கான நெளிவடைப்புகளால் வார்ப்புருக்கள் படிக்கவொண்ணாத அளவு சிக்கலானபோது, 2013இல் லூவா என்னும் நிரல்மொழி துணைக்கு வந்தது. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் 1993இல் பிறந்த அம்மொழியின் பெயருக்குப் போர்த்துகீசியத்தில் நிலா என்று பொருள். கவிஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வசதிகள் பலவும் ஆங்கில விக்கிப்பீடியாவின் தேவைக்கேற்பப் பெருகியவை. தமிழில் தொகுப்போர் ஓர் ஆங்கில வார்ப்புருவைக் கொண்டுவந்து வைத்தால், அது தான் சார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு துணை வார்ப்புருக்களையும் தேடும். அவை இல்லாத இடத்தில் சிவப்பு இணைப்புகளும் பிழைச் செய்திகளும் கட்டத்துள் நிறையும். ஓர் அடைப்புக்குறி மூடப்படாமற் போனால், கட்டம் கலைந்து கட்டுரையின் உடலையே விழுங்கும். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இவை எளிய பிழைகள். தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை.

எண்களால் வரும் இடரும் இவ்வினத்ததே. 2011 கணக்கெடுப்பின்படி தாம்பரம் நகராட்சியின் மக்கள் தொகை 1,74,787. நம் வழக்கப்படி காற்புள்ளியிட்டு எழுதிய இவ்வெண்ணைப் பரப்பளவால் வகுத்து மக்களடர்த்தி காணுமாறு வார்ப்புருவைப் பணித்தால், காற்புள்ளியை எண்ணின் பகுதியாக அது கொள்ளாது. கணக்கு நின்று பிழைச் செய்தி எழும். எண்ணை 174787 எனக் கொடுத்துவிட்டு, காற்புள்ளியிடும் பொறுப்பை வார்ப்புருவிடம் விடுவதே தீர்வு.

கவலைக்குரியவை ஓசையற்ற பிழைகள். வார்ப்புரு தனக்குத் தெரிந்த பெயரையே கேட்கும். தெரியாத பெயரில் வரும் விவரத்தை ஒரு முணுமுணுப்பும் இன்றிப் புறந்தள்ளும். ‘மக்கள் தொகை’ என்று அது இடைவெளியோடு எதிர்பார்க்க, கட்டுரையாளர் ‘மக்கள்தொகை’ என்று சேர்த்து எழுதினால் அந்த வரி மறைந்துபோகும். சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா, வல்லெழுத்து மிகுமா மிகாதா என்பன நம் இலக்கண வகுப்புகளில் மதிப்பெண் குறைப்பதற்குரிய சிக்கல்கள். இங்கோ ஓர் ஊரின் மக்கள் அனைவரும் பக்கத்திலிருந்து நீங்கிவிடுகின்றனர். எழுத்துருவும் இதற்குத் துணைபோகிறது. ‘பௌத்தம்’ என்பதில் ஔகாரக் குறியிட்டு எழுதுவதும், எகரக் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதுவதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இரு வேறு சொற்கள். சமயம் என்ற வரியில் முன்னதைக் கண்டால் இன்ன பகுப்பில் சேர் என்று வார்ப்புரு ஆணையிட்டிருந்தால், பின்னதைக் கொண்ட கட்டுரை அப்பகுப்பில் என்றும் சேராது.

நல்ல தமிழ் மேல் உள்ள பற்றும் சில வேளைகளில் இடராகும். வார்ப்புருவில் ‘கணக்கெடுப்பு வருடம்’ என்ற பெயர் இருப்பதைக் கண்ட ஒருவர் ‘ஆண்டு’ எனத் திருத்த விரும்புவது இயல்பே. வாசகர் காணும் வரித்தலைப்பை அவர் தாராளமாக மாற்றலாம். அதற்குப் பின்னால் விவரத்தைப் பெற்றுத்தரும் உட்பெயரையும் மாற்றிவிட்டால், பழைய பெயரால் எழுதப்பட்ட எல்லா ஊர்க் கட்டுரைகளிலும் ஆண்டு காணாமற்போகும். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் வார்ப்புரு ஏற்குமாறு முதலில் செய்துவிட்டு, பின்னரே கட்டுரைகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். யாழ்ப்பாண வழக்கும் தமிழகத்து வழக்கும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் இக்களஞ்சியத்தில், இத்தகைய இரட்டை வாயில் பல இடங்களில் தேவைப்படுவதொன்று.

பிழை எங்குள்ளது என்று காண்பதில் பதிப்பாசிரியர் முறையே உதவுகிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்டார். பிழை மூலத்ததா, பெயர்த்தெழுதியோரதா என்று துணிந்தார். வார்ப்புருவைச் செப்பனிடுவோர் செய்வதும் இதுவே. ஒரு கட்டுரையில் மட்டும் வரி மறைந்தால் பிழை அக்கட்டுரையில். எல்லாவற்றிலும் மறைந்தால் வார்ப்புருவில். வார்ப்புருவும் மாறாதிருக்க மறைந்தால் அது சார்ந்த லூவா நிரலிலோ, 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுத்தளத்திலோ தேட வேண்டும். பக்க வரலாறு ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடும் பெயரோடும் காத்து வைத்திருப்பதால், பழுதில்லாத கடைசி வடிவத்தைக் கண்டுபிடித்து அடுத்ததோடு ஒப்பிடலாம். நம் ஏடெழுதினோர் இந்த உதவியை விட்டுச் செல்லவில்லை. திருத்தத்தை ‘மணல்தொட்டி’ என்னும் சோதனைப் பக்கத்தில் பார்த்த பின்னரே மூல வார்ப்புருவில் இடுவர். ஐயங்களை ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்ட பொது மன்றத்தில் வைப்பர்.

இவ்வளவு கவனத்துக்கும் தப்பும் ஒரு வகைப் பிழை உண்டு. தாம்பரம் கட்டுரையின் சட்டத்தில் ‘நகராட்சி’ என்பதை ‘மாநகராட்சி’ என்று ஒருவர் மாற்றி, மக்கள் தொகையை 1,74,787 என்றே விட்டுவிடுவதாகக் கொள்வோம். நிரல் பிழை இல்லை. எழுத்துப் பிழை இல்லை. இரு வரிகளும் தனித்தனியே மெய். சேர்ந்து நிற்கும்போது பொய்யாகின்றன. அவ்வெண் பழைய நகராட்சி எல்லைக்குரியது. பல்லாவரம் நகராட்சி மட்டுமே 2011இல் 2,15,417 பேரைக் கொண்டிருந்தது. இதனைக் கண்டுபிடிக்கும் நிரல் எதுவும் இல்லை. ஊரை அறிந்த ஒருவர் வேண்டும்.

பல்லாவரத்தின் நிலை இன்னும் கடினமானது. நகராட்சி மறைந்தது, ஊர் மறையவில்லை. 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்வரலாற்று ஆய்வுக்கு வழிகோலிய இடம் அது. ஆட்சி எல்லையை அளப்பதற்கென வார்த்த சட்டத்தில் அச்செய்திக்கு வரி இல்லை. கட்டுரையின் உடலில்தான் அது வாழ முடியும். இணைந்த பத்து ஊர்களின் சட்டங்களையும் திருத்தப் புகுவோர் ‘வகை’ என்ற ஒரு சொல்லை மாற்றினாற் போதாது. தலைவர் பதவியை நீக்க வேண்டும். மக்கள் தொகை எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு உரியது என்று குறிக்க வேண்டும். 2019க்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் காஞ்சிபுரம் என நிற்கும் மாவட்டப் பெயரையும், அதனால் தானே சேர்ந்த பகுப்பையும் பார்க்க வேண்டும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. புதிய எல்லைக்குரிய எண் அதிலிருந்து கிடைக்கும் வரை, தாம்பரத்தின் சட்டத்தில் 2011 என்ற ஆண்டுக்கு அருகில் ‘பழைய நகராட்சி எல்லை’ என்ற குறிப்பு இருந்தாக வேண்டும்.