வெள்ளை, மஞ்சள், கறுப்பு: பேராக் காற்பந்துச் சட்டையின் வரலாறு

பொன்விழாவையொட்டி நம் இளைஞர் பிரிவு நடத்தும் ஃபுட்சால் போட்டிக்கு என்ன நிறத்தில் சட்டை தைப்பது என்று செயற்குழுவில் ஒரு மாலை முழுதும் பேச்சு நடந்தது. பெரியவர்கள் பச்சை என்றார்கள். இளைஞர்கள் மஞ்சளும் கறுப்பும் என்றார்கள். "அது பேராக் டீம் கலர், நமக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். "நாம பேராக் இல்லையா மாமா?" என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல முற்பட்டபோதுதான், அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பதே எங்களில் பலருக்குத் தெரியவில்லை என்பது புலப்பட்டது. தேடித் தெரிந்துகொண்டதை இம்மலரில் பதிவு செய்கிறோம்.

முதலில் பெயர். 'பேராக்' என்ற மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். ஆனால் இம்மண்ணில் தோண்டி எடுத்ததோ ஈயம். ஈயத்தின் வெண்பளபளப்பே பெயருக்குக் காரணம் என்பது பலரும் சொல்லும் விளக்கம். தமிழிலும் அந்த உலோகத்தை வெள்ளீயம் என்றுதானே சொல்கிறோம்! கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களால் ஈப்போ ஊரானது. ஊர் ஆனதால் கடை வந்தது. கடை வந்ததால் நம்மவர்கள் வந்தார்கள்.

காற்பந்துச் சங்கம் 1921-இல் அமைந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் பேராக் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன். முதலெழுத்துகளைச் சேர்த்து 'பாஃபா' என்பார்கள். அமெச்சூர் என்றால் கூலி வாங்காமல் ஆடுபவர். 1989-இல் செமி-புரோ லீக் தொடங்கி, 1990களில் காற்பந்து முழுநேரத் தொழிலாகி, ஆட்டக்காரர்கள் மாதச் சம்பளம் வாங்கிய பிறகும் அந்த 'அ' பெயருக்குள்ளேயே இருந்தது. பழைய கடைப் பலகையை மாற்ற மனம் வராத முதலாளிகளை நாம் அறிவோம்; இதுவும் அப்படித்தான் போலும்.

1921 என்ற ஆண்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய்க் கூட்டு மாநிலங்கள் சேர்ந்து பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைக் கட்டிக் கொடுத்தன. எச்.எம்.எஸ். மலாயா என்று பெயரிடப்பட்ட அக்கப்பல் 1916-இல் ஜட்லண்ட் கடற்போரில் ஈடுபட்டது. 1921-இன் தொடக்கத்தில் அது மலாயாவுக்கு வந்தது. மாலுமிகள் இங்குள்ளவர்களோடு பந்து விளையாடினார்கள். கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரு கிண்ணங்களை அளித்தார்கள். அந்தக் காற்பந்துக் கிண்ணம்தான் மலாயா கிண்ணம். 1967-இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. மாநிலத்துக்கு மாநிலம் மோதும் ஆட்டம் வந்துவிட்டதால், மாநிலத்துக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு சட்டை என்ற நிலை ஏற்பட்டது.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்தக் கப்பலுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? கூட்டு மாநிலங்களின் கஜானா ஈயத்தாலும் கித்தாவாலும் நிறைந்தது. ஈயத்தைச் சீனத் தொழிலாளிகள் தோண்டினார்கள். கித்தா மரத்தை, விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போய் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கிண்ணத்தின் மேல் அவர்கள் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தக் கிண்ணத்தின் கதையை வெள்ளைக்கார மாலுமியின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி முடிப்பது பாதிக் கதைதான்.

இனி நிறம். பேராக் மாநிலக் கொடியில் மூன்று பட்டைகள்: மேலே வெள்ளை, நடுவே மஞ்சள், கீழே கறுப்பு. வெள்ளை சுல்தானையும், மஞ்சள் ராஜா மூடாவையும், கறுப்பு ராஜா டி-ஹிலிரையும் குறிக்கும். ராஜா மூடா பட்டத்து இளவரசர். ராஜா டி-ஹிலிர் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர். ஈப்போவில் ராஜா டி-ஹிலிர் சாலையில் எத்தனை முறை போயிருப்போம்! அந்தப் பெயர்தான் ஆட்டக்காரரின் சட்டையில் கறுப்பாக இருக்கிறது என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டோம். கொடியின் இந்த நிறங்களையே அணி எடுத்துக்கொண்டது. ஆக, வெள்ளி மாநிலத்தின் அணியில் வெள்ளி நிறம் இல்லை. பெயர் மண்ணிலிருந்து வந்தது, நிறம் அரண்மனையிலிருந்து வந்தது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் ஈப்போ திடலைப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி அக்காலத்து உலகமே இருந்தது. ஒரு பக்கம் ஐரோப்பியர் கூடிய ஈப்போ கிளப், இன்னொரு பக்கம் செயின்ட் மைக்கேல் பள்ளி. திடலை ஒட்டி நம் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல். ஷேக் ஆதம் அவர்களின் முயற்சியில் 1908-இல் எழுந்தது. அசர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் பந்து ஓடிக்கொண்டிருக்கும். மஃரிபு பாங்கு கேட்டால் ஆட்டமும் முடியும், வெளிச்சமும் முடியும். இப்படிச் சொல்லித்தான் எங்கள் பெரியவர்கள் அதை நினைவுகூர்வார்கள். அந்தக் காலத்துக் கிளப்புகள் இனவாரியானவை. ஐரோப்பியருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, யாழ்ப்பாணத்தாருக்கு ஒன்று. கிளப்பின் பெயரைக் கேட்டாலே உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். தமிழ் பேசும் முஸ்லிமோ இந்தியர் பட்டியலுக்கும் மலாய்க்காரர் பட்டியலுக்கும் நடுவில் நின்றான். மாநிலச் சட்டையில் அந்தச் சிக்கல் இல்லை. அதன் பெயர் எந்த இனத்தின் பெயருமில்லை.

தோட்டங்களில் நிலைமை வேறு. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா எனப் பல பக்கங்களிலும் லயங்களுக்கு அருகே ஒரு திடல் இருக்கும். பால் நிறுத்துவிட்டு, குளித்து, மாலையில் வெறுங்காலோடு இறங்குவார்கள். தோட்டத்து அணிக்குத் தோட்டத்தின் பெயரே பெயர். தோட்டத்தின் பெயரோ பல இடங்களில் லண்டன் கம்பெனியின் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சந்திப்பிலுள்ள மளிகைக்கடை பாய் சோடா அனுப்புவார். கடன் புத்தகத்தில் எழுதுவாரா மாட்டாரா என்பது முடிவைப் பொறுத்தது என்று கேலியாகச் சொல்வதுண்டு. மலாயா கிண்ண இறுதியாட்டம் வந்தால் தோட்டத்துப் பையன்களும் கடைக்காரர்களும் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். பேராக் 1926, 1931 ஆண்டுகளில் வென்றது. பிறகு சுதந்திர ஆண்டான 1957-இல் வென்றது. மலேசியக் கிண்ணம் என்ற புதுப் பெயரோடு நடந்த 1967-இலும், மீண்டும் 1970-இலும் வென்றது. அதற்குள் 1960களில் ஈப்போவில் பேராக் ஸ்டேடியமும் வந்துவிட்டிருந்தது.

அந்த ஆண்டுகளிலேயே தோட்டத் துண்டாடலும் நடந்தது. தோட்டம் கைமாறியது, கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. கம்பெனிப் பெயர் போனபோது அந்தப் பெயரில் ஆடிய அணியும் போனது. எங்களில் சிலர் சிறுவயதில் ஆடிய திடல் இருந்த இடத்தை இன்று காட்டச் சொன்னால், வரிசை வீடுகளுக்கு நடுவே விரலை நீட்டத்தான் முடியும்.

சின்னத்துக்கு வருவோம். பேராக் அணியை 'செலாடாங்' என்பார்கள். அதன் உயிரியல் பெயர் போஸ் காரஸ். காட்டெருமை என்று நாம் சொல்வது சரியல்ல, அது எருமை இனமன்று, காட்டுமாடு. ஒரு டன் வரை எடையுள்ள மாடு. சங்க நூல்கள் ஆமான் என்று சொல்லும் அந்த விலங்கு நீலகிரியிலும் ஆனைமலையிலும் இன்றும் திரிகிறது. மலேசியக் காட்டுமாட்டுக்கு விலங்கியலார் இட்ட பெயரில் ஹபக் என்பவர் பெயர் சேர்ந்திருக்கிறது. அவர் யானையும் செலாடாங்கும் வேட்டையாடிப் புத்தகம் எழுதியவர்; பின்னாளில் மனம் மாறி, இன்றைய தாமான் நெகாரா காக்கப்படக் காரணமானவர்களுள் ஒருவரானார். ஒன்றைக் கவனியுங்கள்: கறுத்த உடல், காலுறை போட்டதுபோல வெளுத்த கால்கள், மஞ்சள் சாயல் படர்ந்த கொம்பு. அணியின் மூன்று நிறமும் அந்த மாட்டின் மேலேயே இருக்கிறது! பார்த்துத்தான் தேர்ந்தார்களோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2018-இல் இறுதியாட்டத்தில் 3-3 என்று சமன் செய்து, பெனால்டியில் திரங்கானுவை வென்றபோது அணியின் பெயரே 'பேராக் டிபிஜி', அதாவது தி போஸ் காரஸ். லத்தீனில் போஸ் என்றால் மாடு. ஆனால் நம் கடைக்கு வருகிற எல்லா இனத்தவரும் "போஸ், தே தாரிக் சத்து" என்றுதான் அழைக்கிறார்கள். ஆகவே அந்தப் பெயரை நம் பையன்கள் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

1970-க்குப் பிறகு 28 ஆண்டு காத்திருந்து 1998-இல் வென்றோம். 2000-இல் மீண்டும் வென்றோம். 2002, 2003 இரண்டு ஆண்டும் லீக் பட்டம். 2018-க்குப் பிறகு காலம் மாறியது. மாநிலச் சங்கங்களிடமிருந்து அணிகளைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக்கினார்கள். பேராக் எஃப்சி என்ற புதுப் பெயர் வந்தது, தனியார் முதலாளி வந்தார். 2021 இறுதியில் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, 2023-இல் திரும்ப வந்தது. 2025-இல் நிறுவனம் அணியை நடத்துவதை நிறுத்திக்கொண்டது. 2025-26 சூப்பர் லீக்கில் பேராக் எஃப்சி இல்லை. தோட்டத்து அணிகளுக்கு நேர்ந்ததை ஒருமுறை பார்த்துவிட்ட எங்களுக்கு அந்தச் செய்தியைப் படிக்கும்போது பழகிய வலி தெரிந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தின் பெயர் கம்பெனியோடு போய்விட்டது. பேராக் என்ற பெயரும் கொடியின் மூன்று நிறமும் எந்த முதலாளியும் கொண்டுவந்தவையல்ல; எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

செயற்குழு கடைசியில் இளைஞர்கள் பக்கமே சாய்ந்தது. மஞ்சள் சட்டை, கறுப்புக் கை, வெள்ளைக் கழுத்துப்பட்டை. மார்பில் செலாடாங் வேண்டும் என்று பையன்கள் கேட்டார்கள். அது அணியின் சின்னம், அனுமதியில்லாமல் போடலாகாது என்று மறுத்து, நம் சங்கத்தின் முத்திரையைப் போடச் சொல்லியிருக்கிறோம். பச்சை கேட்ட பெரியவர்களுக்காக எண்கள் மட்டும் பச்சை நூலில். தையற்கடையில் முன்பணம் கொடுத்தாயிற்று.