ஆரஞ்சு வாசனை வீசிய எதிர்காலம்

முதலில் 1964-ம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போவோம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக வால்ட் டிஸ்னி அமைத்துக் கொடுத்த சுழல் அரங்கு ஒன்று அங்கே இருந்தது. நடுவில் இருந்த மேடைகள் அசையாமல் நிற்க, சுற்றி அமர்ந்திருந்த ஜனங்கள் இருக்கையோடு நகர்ந்தார்கள். வீட்டுக்குள் மின்சாரம் நுழையாத காலத்தில் தொடங்கி, பொத்தானைத் தட்டினால் சமையல் ஆகும் காலம் வரைக்கும் ஒரே குடும்பத்தின் கதை அது. ‘கரூசல் ஆஃப் புராக்ரஸ்’ என்று பெயர்.

அந்தக் குடும்பத்தின் பேரன் பேத்திகள் எங்கே வாழப்போகிறார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் 1983 அக்டோபர் 1-ம் தேதி ஃப்ளோரிடாவில் கிடைத்தது. வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் எப்காட் பூங்காவில் ‘ஹொரைசன்ஸ்’ என்ற ரைடு அன்று திறக்கப்பட்டது. 1999 ஜனவரி 9 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும், அமெரிக்க தீம் பார்க் ரசிகர்களிடம் ‘போனதில் எதைத் திரும்பக் கேட்பீர்கள்’ என்றால் ஹொரைசன்ஸ் பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. தலைகீழாகச் சுற்றும் ரைடு இல்லை, பயமுறுத்தும் ரைடும் இல்லை. உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே போகும் கால் மணி நேரப் பயணம், அவ்வளவுதான். அதன் மேல் ஏன் இத்தனை ஏக்கம்?

எப்காட் பிறந்த விதத்திலிருந்தே தொடங்க வேண்டும். வால்ட் டிஸ்னி கட்ட நினைத்தது பொழுதுபோக்குப் பூங்கா அல்ல. 20,000 பேர் குடியிருந்து, வேலைக்குப் போய், பிள்ளை வளர்க்கும் மெய்யான நகரம். 1966 அக்டோபரில், வரைபடத்துக்கு முன்னால் நின்று அந்தத் திட்டத்தை விளக்கிப் படம் எடுத்தார். டிசம்பர் 15-ல் காலமானார். அவர் இல்லாமல் நகரம் கட்டும் துணிச்சல் நிறுவனத்துக்கு வரவில்லை. 1982 அக்டோபர் 1-ல் திறந்த எப்காட் சென்டர், நிரந்தரமான உலகக் கண்காட்சியாகத்தான் இருந்தது. எரிசக்திக்கு எக்ஸான், போக்குவரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ், வேளாண்மைக்கு கிராஃப்ட் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு கூடம், ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் பணம்.

சரியாக ஓராண்டு கழித்து வந்த ஹொரைசன்ஸின் வேலை, இந்தத் துறைகளையெல்லாம் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டுவது. பணம் போட்டது மீண்டும் ஜெனரல் எலக்ட்ரிக். அமெரிக்கா தன் மூன்றாம் நூற்றாண்டில் காலெடுத்து வைத்ததை நினைவில் வைத்து முதலில் ‘செஞ்சுரி 3’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பிறகு ‘ஃபியூச்சர்ப்ரோப்’ ஆனது. கடைசியில் ஹொரைசன்ஸ், தொடுவானங்கள், என்று நிலைத்தது. வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் மக்கின்னிஸ்.

நான் அதில் ஏறியதில்லை. பார்வையாளர்கள் அந்தக் காலத்து கேம்கோடரில் எடுத்து வைத்த, இருட்டும் மங்கலுமான வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்தால் விமான நிலையம் மாதிரி ஒரு முனையம். கடலடி நகரத்துக்கும் பாலைவனப் பண்ணைக்கும் விண்வெளிக் குடியிருப்புக்கும் புறப்பாடு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கும் பெட்டியில் நால்வர் வரிசையாக உட்காரலாம். பெட்டி பக்கவாட்டில் நகரும். ஒரு தாத்தாவும் பாட்டியும் பேசிக்கொண்டே கூட வருவார்கள். தாத்தா ஒன்று சொல்ல, பாட்டி குறுக்கிட்டுத் திருத்த, நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களின் பேச்சு அது.

முதல் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. எதிர்காலத்தைக் காட்டுமுன், பழைய ஆட்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று காட்டினார்கள். குண்டு வடிவ ராக்கெட்டில் நிலவுக்குப் புறப்படும் ஜூல்ஸ் வெர்னின் உலகம். பாரிஸ் வானத்தில் ஜனங்கள் பறந்து திரியும் ஆல்பர்ட் ரோபிடாவின் ஓவிய உலகம். அடுத்து 1930-களின் பாணியில் ஒரு வீடு: முடிவெட்டும் இயந்திர மனிதன், சமையலறையில் பாத்திரங்களோடு திண்டாடும் இன்னொரு இயந்திர மனிதன். தொலைக்காட்சிப் பெட்டியில் ஒருவர் பாடிக்கொண்டிருப்பார். 1964-ன் சுழல் அரங்கில் ஒலித்த அதே பாட்டு. அந்தக் குடும்பத்தை மறக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். அதன் பிறகு 1950-களின் நியான் விளக்கு நகரம். யாரையும் ஏளனம் செய்யாமல், முன்னோர் கண்ட கனவுகளை அன்போடு அடுக்கி வைத்த கூடம் அது.

பிறகு சட்டென்று இருட்டு. சுமார் 80 அடி உயரத் திரை. பெட்டி அதன் முன்னால் போகும்போது விண்வெளி ஓடம் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலெழும். டிஎன்ஏ சங்கிலி சுழலும், படிகங்கள் வளரும். அன்று கையில் இருந்த அறிவியல் இதுதான், இனி வருவது இதிலிருந்துதான் வரும் என்பது அந்தத் திரையின் பேச்சு.

அதற்கப்புறம் தாத்தா பாட்டி தங்கள் வீட்டைக் காட்டுவார்கள், பிள்ளைகளின் வீடுகளைக் காட்டுவார்கள். பாலைவனப் பண்ணைக்கு மேசா வெர்டே என்று பெயர். வறண்ட நிலத்தில் வரிசை வரிசையாக ஆரஞ்சு மரங்கள், அறுவடைக்கு ரோபோக்கள், கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வை பார்க்கும் ஒரு பெண். பெட்டி அங்கே வரும்போது ஆரஞ்சு வாசனை முகத்தில் அடிக்கும். மறைவான இயந்திரம் ஒன்று நறுமண எண்ணெயின் மேல் காற்றை ஊதி அனுப்பும் ஏற்பாடு அது. ஹொரைசன்ஸில் போய்வந்தவர்கள் நினைவைச் சொல்லும்போது இந்த இடத்தில் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் தொடர்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன் பார்த்த காட்சி மறந்திருக்கும், அந்த வாசனை மறக்கவில்லை. சிறுவயதில் போனவர்கள் இன்றைக்கும் ஆரஞ்சுப் பழத்தை உரிக்கும்போது அந்தப் பெட்டியில் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்கிறார்கள்.

பேத்தி படிக்க உட்கார்ந்தவள், படிப்பை விட்டுவிட்டு முப்பரிமாண ஒளியுருவாக எதிரே வந்து நிற்கும் காதலனோடு பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பையன் இருப்பது ஸீ காஸில் என்ற மிதக்கும் நகரத்தில். அங்கிருந்து பள்ளிக் குழந்தைகள் கடலடிச் சுற்றுலா கிளம்புவார்கள். அடுத்து பிராவா சென்டாரி என்ற விண்வெளிக் குடியிருப்பு. அங்கே ஒரு சிறுவனுக்குப் பிறந்தநாள். தாத்தா பாட்டி முதல் எல்லோரும் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒளியுருவாக வந்து கூடி வாழ்த்துவார்கள்.

இதை 1983-ல் பார்த்தவர்களுக்கு மாயாஜாலம். நமக்கு? டொராண்டோவில் பேரன் கேக் வெட்டுவதை யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் கைபேசியில் பார்த்துக் கைதட்டும் தாத்தா பாட்டிகள் எத்தனை லட்சம்! 2020-ல் கொரோனா வீட்டுக்குள் பூட்டியபோது பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள்கூட அப்படித்தான் பிறந்தநாள் கொண்டாடினார்கள். கடலடி நகரம் வரவில்லை, விண்வெளிக் குடியிருப்பும் வரவில்லை. குடும்பம் சிதறிப்போகும், ஆனாலும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் என்று சொன்ன பகுதி அப்படியே பலித்தது.

முடிவை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்னொரு புதுமை. வீடு திரும்பும் வழி விண்வெளியா, பாலைவனமா, கடலடியா? பெட்டியில் பொத்தான்கள் ஒளிரும். நால்வரில் பெரும்பான்மை எதுவோ அந்தப் படம் அந்தப் பெட்டிக்கு மட்டும் ஓடும். அரை நிமிடப் படம்தான். அதற்காக மாதிரி நிலப்பரப்புகளைக் கையாலேயே செய்து, மேலே கேமராவைப் பறக்கவிட்டு எடுத்திருந்தார்கள். அடுத்த முறை வேறு பொத்தானை அழுத்த வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்து மறுபடி வரிசையில் நின்றதில் வியப்பில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். அந்த எதிர்காலத்தில் ஏழை என்று ஒருவர்கூட இல்லை. பாலைவனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யாருடைய தண்ணீர் என்ற கேள்வி இல்லை. மின்சாதனம் விற்கும் நிறுவனத்தின் பணத்தில் எழுந்த கனவு இதையெல்லாம் கேட்டிருக்கவும் முடியாது. ஆனாலும் அந்தக் கனவில் சாதாரணக் குடும்பத்துக்கு இடம் இருந்தது. விண்வெளிக்குப் போனவர்கள் அங்கே பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள், எதிரியைச் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. நம் காலத்தின் எதிர்காலக் கதைகளில் பாதிக்கு மேல் அழிவுக் கதைகள். ஹொரைசன்ஸுக்காக ஏங்குகிறவர்கள் இழந்தது ஒரு இயந்திரத்தை மட்டும் அல்ல, ‘உனக்கும் நாளை உண்டு’ என்று பெரியவர்கள் சொன்ன ஒரு வாக்கை என்றே நான் நினைக்கிறேன்.

மூடிய கதை சுருக்கமானது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் பத்தாண்டு ஒப்பந்தம் 1993-ல் முடிந்தது. அது விலகியது, வேறு எவரும் வரவில்லை. 1994 டிசம்பரில் கதவை அடைத்தார்கள். ஓராண்டு கழித்து, 1995 டிசம்பரில் திடீரென்று மறுபடி திறந்தார்கள். காரணம் எளிது. அருகில் இருந்த எரிசக்திக் கூடமும் போக்குவரத்துக் கூடமும் புதுப்பிக்க மூடப்பட இருந்தன, அந்தப் பக்கம் வரும் கூட்டத்துக்கு ஏதாவது ஒன்று ஓட வேண்டியிருந்தது. போக்குவரத்துக் கூடத்தின் இடத்தில் வரவேண்டிய ‘டெஸ்ட் டிராக்’ ரைடு தொழில்நுட்பச் சிக்கலில் மாட்டி இழுத்துக்கொண்டே போனது. அது இழுத்த ஒவ்வொரு மாதமும் ஹொரைசன்ஸுக்கு ஆயுள் நீட்டிப்பு. 1998 டிசம்பரில் டெஸ்ட் டிராக் முன்னோட்டமாக ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே ஹொரைசன்ஸ் நின்றது.

2000-ல் கட்டடத்தை இடித்தார்கள். அதே இடத்தில் 2003-ல் ‘மிஷன்: ஸ்பேஸ்’ வந்தது. சுழற்றும் விசையால் ராக்கெட் கிளம்பும் அழுத்தத்தை உடம்பில் ஏற்றும் ரைடு. தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், இருக்கைக்கு எதிரே காகிதப் பை வைத்தார்கள். 2006-ல் சுழலாத மிதமான வகை ஒன்றையும் சேர்த்தார்கள். தாத்தா பாட்டியோடு கால் மணி நேரம் போன இடத்தில், அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போகும் ரைடு வந்தது. நல்ல மாற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழையதற்கு மரியாதையாக, மிஷன்: ஸ்பேஸின் வரிசைப் பாதையில் உள்ள பெரிய சக்கரத்தின் நடுவில் ஹொரைசன்ஸ் சின்னத்தைப் பதித்திருக்கிறார்கள்.

ஹொரைசன்ஸ் இவ்வளவு துல்லியமாக நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியது ரசிகர்களுக்கு. கடைசி ஆண்டுகளில் இரண்டு இளைஞர்கள், ஓடும் பெட்டியிலிருந்து இறங்கிக் காட்சிகளுக்குள்ளேயே போய் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். விதிப்படி தவறு, உடம்புக்கும் ஆபத்து. அப்படிச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் மேடைப் பொருட்களின் பின்பக்கம், ஒயர்கள், வர்ணம் உரிந்த இடங்கள் எல்லாம் இன்று பார்க்கக் கிடைப்பது அவர்களால்தான். பின்னாளில் இன்னொரு ரசிகர் இத்தகைய படங்களையும் வீடியோக்களையும் வைத்து, மெய்நிகர்க் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி சவாரி போகும்படி கணினியில் முழு ரைடையும் கட்டி எழுப்பினார். இவர்களில் எவருக்கும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

ஒரு திருத்தத்தோடு முடிக்கிறேன். கனவு காண முடிந்ததைச் செய்து முடிக்கவும் முடியும் என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி உலகம் முழுக்கச் சுவரொட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் வால்ட் டிஸ்னி பெயரில் சுற்றுகிறது. தன்னம்பிக்கை மேடைகளிலும் அதைக் கேட்டிருப்பீர்கள். வால்ட் டிஸ்னி அதைச் சொல்லவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், ஹொரைசன்ஸுக்காக அந்த வரியை எழுதியவர் டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற டிஸ்னி வடிவமைப்பாளர். நிறுவனத்தின் ஆவணக் காப்பாளராக நெடுங்காலம் இருந்த டேவ் ஸ்மித்தே இதை உறுதி செய்திருக்கிறார். இனி அந்த வரியை எங்கேயாவது கண்டால், எழுதியவர் பெயரையும் அந்த ரைடின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.