பூசாரி மகன்

கக்கன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மதுரை அரசு ஆஸ்பத்திரி, பொது வார்டு. மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர்., அங்கேயே முன்னாள் மந்திரி கக்கனும் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடிய கதை. நிஜம்தான். ஆனால், அதையே சொல்லிச் சொல்லி மனுஷன் ஏறிவந்த பாதையை மறந்துட்டோம்!

மேலூர் பக்கம் தும்பைப்பட்டி. 1908-ல் பிறந்தார். அப்பா ஊர்க்கோயில் பூசாரி. சாமிக்குப் பூசை வைக்கிறவர் மகன்... ஆனாலும், தலித் என்பதால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது.

1939, ஜூலை 8. வைத்தியநாதய்யர் அழைத்துப் போக, கக்கனும் இன்னும் சிலரும் உள்ளே போனார்கள். அன்றைக்கு அதை அனுமதிக்கிற சட்டமே கிடையாது. ராஜாஜி சர்க்கார் அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'இண்டெம்னிட்டி' என்று ஒரு வார்த்தை உண்டு. பி.காம். படிக்கும்போது அதை இன்ஷூரன்ஸ் சமாச்சாரம் என்றுதான் மனப்பாடம் பண்ணினேன். இங்கே அர்த்தம், கோயிலைத் திறந்துவிட்டவர்கள் மேல் கேஸ் பாயாமல் ஒரு பாதுகாப்பு!

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு'. ஜெயில். 1946-ல் அரசியல் நிர்ணய சபை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழே வருஷம்! கோயிலுக்குள் போக விடப்படாதவர், தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவை நிறைவேற்றிய சபையில் உறுப்பினர். 1952-ல் மதுரை லோக்சபா எம்.பி. அப்போது மதுரைக்கு ரெண்டு எம்.பி. பாலசுப்பிரமணியம் ஒருவர், கக்கன் இன்னொருவர்.

1957-ல் காமராஜ் அவரை மந்திரியாக்கினார். பொதுப்பணித்துறை. 1959-ல் வைகை அணை திறந்தது அவர் காலத்தில்தான். மதுரைக்காரங்க குழாயைத் திறக்கிறப்போ நினைச்சுக்கலாம்.

அப்புறம் போலீஸ் மந்திரி. இங்கேதான் எனக்கு உறுத்தல். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம். ஜனவரி 25 அன்று மதுரையில் வெடித்தது, மாநிலம் பூரா பரவியது. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. முதல்வர் பக்தவத்சலம் என்றாலும், போலீஸ் இலாகா கக்கன் கையில். அவருடைய எளிமையைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஓட்டுப் போட்டவர்கள் புரட்டலை. 1967-ல் சொந்த மண்ணான மேலூரிலேயே தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார்.

பத்து வருஷம் மந்திரி. அதற்குப் பிறகு வாடகை வீடு, டவுன் பஸ், கடைசியில் அந்த ஆஸ்பத்திரி வார்டு. 1981 டிசம்பரில் காலமானார்.

தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கு. மேலூர் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.