பன்னாடை

டி.பி. ரோட்டுக்குப் பின்னால் எங்கள் தெருவில் இன்னும் நாலு தென்னைகள் மிச்சம். போன மாதம் தேங்காய் போட வந்தவர் காய்ந்த மட்டைகளோடு ஒரு பன்னாடையையும் உருவிக் கீழே போட்டார். நான் அதை எடுத்துத் தூசு தட்டுவதை மேலிருந்தே பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, அது எதுக்குங்க? வெறகடுப்புக்கூட இல்லீங்களே உங்க வூட்ல.”

“இதையப் பத்தி ஒரு கட்டுரை எழுதோணுங்க.”

“பன்னாடையப் பத்தியா?” மரத்தைக் கட்டிக்கொண்டே சிரித்தார். “எங்கய்யன் என்னைய அப்படித்தானுங்க கூப்புடுவாரு.”

எல்லார் அய்யனும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கொங்கு நாட்டில் இந்தச் சொல்லைத் திட்டாக வாங்காமல் வளர்ந்த ஆண்பிள்ளை அபூர்வம். ஆனால் ஏன் பன்னாடை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். எங்கள் பேக்கரியில் காலை டீக்கு வரும் பெரியவர் ஒருவர் சொல்லும் விளக்கம் இது: கடைக்கு வந்து பன்னையும் தின்று, பாலின் மேல் படிந்த ஆடையையும் வழித்துத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் போகிறவன் பன்னாடை. பக்கத்து மேசைக்காரர் விடவில்லை. நாளுக்குப் பல ஆடை மாற்றித் திரிகிறவன்தான் பன்னாடை என்றார். கடையே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோயமுத்தூர்க் குசும்பு என்றால் இதுதான்.

பொருள் மறந்துபோன சொல்லை நம்மவர்கள் அநாதையாக விடமாட்டார்கள். ஒரு தாய் தகப்பனைத் தேடிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பேட்டையான ஆர்.எஸ். புரத்தின் பெயரையே பாருங்கள். வடகோவை ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதால் ஆர்.எஸ். என்றால் ‘ரயில்வே ஸ்டேஷன்’ என்று என் உறவுக்காரர் ஒருவர் வெகுநாள் நம்பியிருந்தார். அது நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயர். அவருடைய திவான் பகதூர் பட்டம்தான் டி.பி. ரோடாகக் கிடக்கிறது. கொஞ்சம் மேற்கே போனால் லாலி ரோடு. கல்யாண ஊஞ்சலில் பாடும் லாலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர் அது. ஆனாலும் ஊஞ்சல் பாட்டு காதில் விழத்தான் செய்கிறது.

பன்னாடைக்கு வருவோம். கையில் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாரும் நெய்யாத துணி. தடித்த நார்கள் ஒரு பக்கமாகவும் மெல்லிய நார்கள் அவற்றின் குறுக்காகவும் ஓடுகின்றன, தறியில் பாவும் ஊடையும் ஓடுவதுபோல. இடைவெளி வழியே எதிர்வீட்டு ஜன்னல் பொடிப்பொடிக் கட்டமாகத் தெரிகிறது. மட்டையின் அடியை மரத்தோடு சுற்றிப் பிடித்திருப்பது இதன் வேலை. மரத்தைவிட்டு வந்தபின் கள் வடிகட்டவும் பதநீர் வடிகட்டவும் நெய் வடிகட்டவும் நம் வீடுகளில் இருந்த அரிப்பு இதுதான். நெய் கீழே போய்விடும். கசடு மட்டும் மேலே தங்கும். திட்டின் பொருள் முழுவதும் இந்த ஒரு காரியத்தில் இருக்கிறது: நல்லதை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்கிறவன்.

இதை ஏட்டில் ஏற்றியவர் நம் பக்கத்துக்காரர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள நன்னூல் செய்த பவணந்தி முனிவருக்குப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் ஊர் என்பார்கள். சமண முனிவர். நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத்தரம். கடைத்தரத்தில் ஓட்டைக் குடம், செடிக்குச் செடி வாய்வைக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை; இவற்றோடு நெய்யரி. உரைகாரர்கள் நெய்யரி என்பதற்குப் பன்னாடை என்றே பொருள் எழுதினார்கள். எண்ணூறு ஆண்டு இலக்கணப் பாடம் நம் அய்யன்மார் வாயில் திட்டாக இருந்திருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, சொல் எப்படிப் பிறந்தது? பக்கத்து மேசைக்காரரின் பல ஆடை தேறாது: பல்லும் ஆடையும் சேர்ந்தால் பல்லாண்டு, பல்லாயிரம் போலப் பல்லாடை ஆகுமே தவிர பன்னாடை ஆகாது. பனையின் ஆடை என்பது அழகான விளக்கம், பலரும் சொல்வது. ஆனால் பனையும் அட்டும் சேர்ந்து பனாட்டு ஆன வழியில் போனால் ஒற்றை னகரமே மிஞ்சும். பன் என்பதோடு ஆடை சேர்ந்தால்தான் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துப் பன்னாடை வரும். பன்னுதல் என்ற பழைய வினைக்குப் பஞ்சைப் பிரித்தெடுத்தல் என்று பொருள். பன்னல் என்றால் பருத்தி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இழை நெருக்கமில்லாத துணி என்று பன்னாடைக்கு ஒரு பொருள் தருகிறது. துணியின் பெயர்தான் மரத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் முடிவு. பஞ்சாலை ஊரில் பிறந்தவனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் உண்டு.

வேறு திட்டுகளும் இப்படி வம்சம் உள்ளவைதாம். பேமானியில் நாம் மானத்தைக் கேட்கிறோம். பாரசீகத்தில் ‘பே’ என்றால் இல்லாத. அரபியில் ‘ஈமான்’ என்றால் நம்பிக்கை. நேர்மை அற்றவன் என்று உருதுவழி வந்த சொல் தமிழ்க் காதில் மானங்கெட்டவன் ஆகிவிட்டது. குறி அவ்வளவாகத் தவறவில்லை. கஸ்மாலம் வடமொழி, கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் வாயிலேயே வருகிறது.

கேப்மாரிக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. கேப் என்றால் தொப்பி, தொப்பி மாற்றி மாற்றி ஏமாற்றுகிறவன் கேப்மாரி என்று வேடிக்கையாகப் பிரித்துச் சொல்வார்கள். அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து பின்னால் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையும் சேர்த்துத் திருடன் என்று எழுதிய பட்டியல்களில் அந்தப் பெயரும் இருந்தது. 1952-இல் சட்டம் ஒழிந்தது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள். தொப்பிக் கதை அவர்களை மறைத்துவிடுகிறது. நம் சினிமாவும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறது.

ஆகவே படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேப்மாரி என்ற சொல்லை யாரையும் திட்ட எடுக்காதீர்கள். பிள்ளையைத் திட்டியே ஆகவேண்டும் என்றால் பன்னாடை போதும். ஆனால் அதற்கு முன் தென்னை உள்ள வீட்டில் கேட்டு ஒன்றை வாங்கி, அந்தப் பிள்ளை கையில் கொடுத்து, அதில் கொஞ்சம் நெய்யை ஊற்றிக் காட்டுங்கள்.