டிவி வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் ஹாலை அளந்து பாருங்கள்

ஷஅபான் மாதத்தில் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஒன்று 43 அங்குல டிவி, மற்றது 55 அங்குலம். இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் 4கே. கூடவே ஒரு குரல் செய்தி: “ஹஜ்ரத், உம்மா ரமளானில் ஹரமின் தராவீஹை நேரலையில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பழைய டிவியில் கோடு விழுந்துவிட்டது. சின்னதற்குக் கையில் காசு இருக்கிறது. பெரியதை நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் தருகிறோம் என்கிறார்கள். எதை எடுக்கட்டும்?”

வீட்டில் டிவி இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் போய், எந்த டிவி என்று கேட்கும் காலத்துக்கு வந்துவிட்டோம். முந்தைய கேள்வியை இங்கே எடுக்கவில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட வீட்டுக்காரருக்காகவே இதை எழுதுகிறேன்.

அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. உட்காரும் இடத்திலிருந்து சுவர் எத்தனை அடி, யார் யார் எங்கே உட்காருவார்கள், வீட்டில் கேபிளா, டிஷ்ஷா, இன்டர்நெட்டா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். டேப்பை எடுத்து அளந்துவிட்டு மறுநாள் பதில் அனுப்பினார். அந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது.

எத்தனை அங்குலம் வேண்டும்?

டிவியின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 32 அங்குலம் என்பது ஏறக்குறைய 81 சென்டிமீட்டர், 43 என்பது 109, 55 என்பது 140. உட்காரும் தூரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, திரையின் அங்குலத்தை 1.6 ஆல் பெருக்குவது. 43ஐப் பெருக்கினால் 69 அங்குலம், அதாவது ஆறடிக்குச் சற்றுக் குறைவு. 55க்கு 88 அங்குலம், ஏழேகால் அடிக்கும் கொஞ்சம் மேலே. சகோதரரின் ஹாலில் சோபாவிலிருந்து சுவருக்கு எட்டடி. இந்தக் கணக்கின்படி 55 அங்குலம் தாராளமாகப் பொருந்தும். கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்தக் கணக்கு நல்ல தெளிவான படத்துக்கு உரியது. நம் வீடுகளில் ஓடுவது எது? பெரும்பாலும் சாதாரண கேபிள் சேனல்தான். அதன் படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பதோ 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். சரியாக 20 மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மீதிப் பத்தொன்பதையும் டிவி தானாகக் கற்பனை செய்து நிரப்ப வேண்டும். நல்ல பிராசசர் உள்ள டிவி அதை ஓரளவு அழகாகச் செய்யும், மலிவானது கஞ்சியில் நனைத்த துணி போல முகங்களைக் குழைத்துவிடும். திரை பெரிதாகப் பெரிதாக அந்தக் குழைவும் பெரிதாகும். “புது டிவி வாங்கினோம், பழையதைவிட மங்கலாகத் தெரிகிறதே” என்று பலர் குறைப்படுவது இதனால்தான். டிவியில் கோளாறு இல்லை, வருகிற படமே அவ்வளவுதான்.

ஆகவே கேபிள்தான் பிரதானம், இன்டர்நெட் எப்போதாவது என்றால் எட்டடி தூரத்துக்கு 43 போதும். ஃபைபர் இணைப்பு இருக்கிறது, பார்ப்பதில் பெரும்பகுதி யூடியூப் போன்றவைதான் என்றால் 55ஐ யோசிக்கலாம். யூடியூப் 4கே படத்துக்கு 20 எம்.பி.பி.எஸ். வேகம் வேண்டும், முழு எச்.டி.க்கு 5 போதும். 32 அங்குலத்தில் 4கே தேடி அலைய வேண்டாம். அந்த அளவில் முழு எச்.டி. கிடைத்தாலே நல்லது. படுக்கையறைக்கு எச்.டி. ரெடியே போதும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எச்.டி. செட்டாப் பாக்ஸ் வைத்துக்கொண்டு, பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரிலேயே டிவியை இணைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வயரில் எச்.டி. படம் வராது. ஒரு எச்.டி.எம்.ஐ. வயரை மாற்றிப் பாருங்கள். சில வீடுகளுக்குப் புது டிவி ஆசையே அதோடு தீர்ந்துவிடும்.

பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம்

எல்.ஈ.டி. டிவி என்று விற்கப்படுவது உண்மையில் எல்.சி.டி. திரைதான். பின்னாலிருந்து ஒளி கொடுக்க எல்.ஈ.டி. விளக்குகள் வைத்திருப்பதால் அந்தப் பெயர். கியூ.எல்.ஈ.டி. என்பதும் அதே எல்.சி.டி.தான், நிறங்கள் தூக்கலாகத் தெரிய நடுவே குவான்டம் டாட் என்ற நுண்துகள் படலம் சேர்த்திருப்பார்கள். மினி எல்.ஈ.டி.யில் பின்விளக்குகள் மிகச் சிறியவையாகவும் ஏராளமாகவும் இருக்கும், இருட்டுக் காட்சி வரும் பகுதியில் மட்டும் விளக்கைக் குறைக்க முடியும். ஓ.எல்.ஈ.டி. மட்டுமே வேறு ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். விலையும் அதற்கேற்ப.

காசு இருப்பவர்கள் ஓ.எல்.ஈ.டி.யே எடுக்கலாமே என்றால், அங்கேயும் வீட்டுப் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். அசையாத ஒரே உருவம் ஓ.எல்.ஈ.டி. திரையில் நாள்கணக்கில் மணிக்கணக்காக நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடும். செய்திச் சேனலின் கீழே ஓடும் பட்டையும் மூலையில் இருக்கும் சேனல் முத்திரையும் அப்படிப்பட்டவை. சவூதியின் குர்ஆன் சேனல் 24 மணி நேரமும் ஹரமைக் காட்டுகிறது. அதைக் காலையில் போட்டால் இஷா வரை அணைக்காத வீடுகள் உண்டு. அதே மூலையில் அதே முத்திரை. இதைத் தடுக்கப் புது மாடல்களில் சில ஏற்பாடுகள் உண்டு என்றாலும், இப்படி ஓயாமல் ஓடும் வீட்டுக்கு எல்.சி.டி. வகையே பொருத்தம் என்பது என் கருத்து.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத ஒரு வித்தியாசம் எல்.சி.டி.க்குள்ளேயே இருக்கிறது. ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று பேனல் இரண்டு வகை. ஐ.பி.எஸ். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். வி.ஏ.யில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்தில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். விளம்பரத் தாளில் இது எழுதியிருக்காது. கான்ட்ராஸ்ட் 1000:1, 1200:1 என்று போட்டிருந்தால் ஐ.பி.எஸ். வகை, 3000, 4000, 5000 என்றால் வி.ஏ. வகை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் எல்லோரும் திரைக்கு நேராக வரிசையாக உட்காருவதில்லை. உம்மா ஓரத்துக் கட்டிலில், பிள்ளைகள் பாயில், மருமகள் அடுக்களை வாசலில் நின்றபடி. அப்படிப்பட்ட ஹாலுக்கு ஐ.பி.எஸ். நல்லது. சகோதரரின் வீடு இந்த வகைதான். தனி அறையில் இரண்டு மூன்று பேர் நேராக உட்கார்ந்து இரவில் பார்ப்பதென்றால் வி.ஏ. நல்லது. கூடவே மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். ஷோகேஸுக்கு மேலே ஆறடியில் மாட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், வி.ஏ. திரையில் நிறமும் கெடும். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வருவதே சரி. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பகலில் ஜன்னல்தான் தெரியும். ஹாலிலேயே தொழுகிற வீடாக இருந்தால் கிப்லாப் பக்கச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். அணைத்த திரையும் கண்ணாடி போலத்தான். தொழுபவரின் உருவம் அதில் தெரியும்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

கடையில் ஓடும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது டிவியின் அழகைக் காட்டவே எடுக்கப்பட்ட 4கே படம். அத்துடன் பளீரென்ற கடை வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்க விவிட், டைனமிக் என்ற அமைப்பில் நிறத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். ஸ்டாண்டர்ட் அல்லது சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் வழக்கமாகப் பார்க்கிற சாதாரண சேனலைப் போடச் சொல்லுங்கள். ஒரு பென்டிரைவில் உங்கள் நிகாஹ் வீடியோவையோ ஒரு பயானையோ கொண்டுபோனால் இன்னும் நல்லது. தெரிந்த முகத்தில் நிறம் பிசகினால் உடனே தெரியும். பயானை ஓடவிட்டுக் குரலையும் கேளுங்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். இசை இரைச்சலாகவாவது கேட்கும், பேச்சுதான் புரியாது. காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில் இது முக்கியம்.

பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்றாவது இருக்கட்டும், அதில் ஒன்று ஏ.ஆர்.சி. என்று குறிக்கப்பட்டிருந்தால் பிறகு சவுண்ட்பார் சேர்க்க வசதி. எச்.டி.ஆர். என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அதற்கேற்ற ஒளி வலிமை மலிவு டிவிகளில் கிடையாது.

ஸ்மார்ட் வசதியைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வையுங்கள். திரை ஏழெட்டு வருடம் உழைக்கலாம், உள்ளே இருக்கும் மென்பொருள் அதற்கு வெகு முன்பே கிழடாகிவிடும். 1 ஜி.பி. ராம் உள்ள டிவி சீக்கிரமே திணற ஆரம்பிக்கும், 2 ஜி.பி. பார்த்து வாங்குங்கள். பின்னாளில் மெதுவானாலும் டிவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சில ஆயிரத்தில் கிடைக்கும் ஒரு ஸ்டிக்கைச் செருகினால் போதும். முதல் நாளே செட்டிங்ஸில் போய், நீங்கள் பார்ப்பதைக் கம்பெனிக்குத் தெரிவிக்கும் அனுமதியை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கும் பின் எண்ணும் போடுங்கள். கேமரா பொருத்திய மாடல்களும் சில உண்டு. பெண்கள் இயல்பாக நடமாடும் ஹாலில் அது தேவையா என்று யோசியுங்கள். இருந்தே தீருமென்றால் மூடி உள்ளதாகப் பாருங்கள்.

பயணத்திலிருந்து வரும் டிவி

துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ மச்சான் வரும்போது டிவி கொண்டுவருவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத் திரை டிவிக்குப் பயணிகளின் வரிச்சலுகை கிடையாது, எந்த அளவானாலும் சுங்கம் கட்ட வேண்டும். அப்போதைய விகிதத்தை ஏறும் முன்பே சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. போதாததற்கு, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விமானத்தில் சுமந்து வருவதில் லாபம் இருக்காது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.

சகோதரரின் கேள்வியில் எனக்கு உறுத்தியது அங்குலம் அல்ல, இதுதான். 36,000 ரூபாய் டிவியை ஒன்பது மாதம் நாலாயிரமாகக் கட்டினால் 36,000தானே, வட்டி எங்கே என்று கேட்கிறார்கள். கிரெடிட் கார்டில் இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். கடை விலையில் சுமார் 2,000 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழிக்கிறது. வங்கி 34,000ஐக் கடனாக எழுதி, அதன்மேல் அந்த 2,000ஐ வட்டியாக வசூலிக்கிறது. மாத பில்லைப் பிரித்துப் பாருங்கள், அசல் ஒரு வரியிலும் வட்டி ஒரு வரியிலும் தனித்தனியாக இருக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். பிராசசிங் கட்டணம் வேறு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

ஆக, கடைக்காரர் ஈடுகட்டினாலும் நீங்கள் கையெழுத்திடுவது வட்டிக் கடன் ஒப்பந்தத்தில். தவணை தவறினால் அதன் உண்மை முகம் தெரியும். இதில் விலக வேண்டும் என்பதே என் நிலை. கடைக்காரரே வங்கி எதுவும் நடுவில் இல்லாமல், ஒரே விலையைப் பேசி முடித்துத் தவணையாக வாங்கிக்கொண்டால் அது வேறு விஷயம், அதில் தடையில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் ஒப்பந்தத் தாளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், விளம்பரத்தைக் காட்டி அல்ல. ரொக்கமாகக் கொடுப்பவர்கள், இ.எம்.ஐ.க்கு விடுகிற அந்தத் தள்ளுபடியைத் தங்களுக்கும் தரும்படி கேட்கலாம். பல கடைகளில் கிடைக்கும்.

சகோதரர் 43 எடுத்தார். ஐ.பி.எஸ். வகைத் திரை, ரொக்கம், தள்ளுபடி போக மிஞ்சியதில் ஒரு எச்.டி.எம்.ஐ. வயரும் மாட்டும் ஸ்டாண்டும். மக்காவில் இரவு 9 மணி என்றால் நமக்கு 11.30. அந்த நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உம்மா பார்ப்பதால், ஒளியைக் குறைத்து சினிமா அமைப்பில் வைக்கச் சொன்னேன். கண் கூசவில்லை என்றார்களாம்.

டிவி வீட்டுக்கு வரும் நாளில் அவசரப்படாதீர்கள். பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உண்டா, மாடல் எண் பில்லோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவந்தவர் இருக்கும்போதே பிரித்து, பிரிப்பதை ஃபோனில் வீடியோ எடுங்கள். யூடியூபில் முழு வெள்ளை, முழுக் கறுப்புத் திரை வீடியோ கிடைக்கும். அதை ஓட்டினால் செத்த புள்ளியோ கோடோ கறையோ இருந்தால் தெரிந்துவிடும். திரை உடைவு எந்த வாரண்டியிலும் சேராது. ஆகவே தவழும் பிள்ளை உள்ள வீட்டில் மேஜைமேல் சும்மா நிறுத்தாமல் சுவரில் பொருத்திவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள்.