கூலிக்காரன் ஓடக் கூடாது

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் மண்ணூர் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த அந்தப் பிரதேசம் இப்போது தொழிற்சாலைகளின் ராஜ்யம். விடியற்காலையில் அவ்வழியே போனால் இரண்டு விதமான பஸ்களைப் பார்க்கலாம். ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்களைத் தூங்கி வழியும் தலைகளோடு ஏற்றிச் செல்லும் பஸ் ஒன்று. காலை ஷிப்டுக்குத் தலைவாரி, திருநீறு இட்டவர்களை ஏற்றி வரும் பஸ் மற்றொன்று. சமீபத்தில் நான் போனபோது, இவ்விரண்டிலும் சேராத ஒருவனைக் கண்டேன். சாலை ஓரமாக ஓர் இளைஞன் ஓடிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்தேன். பஸ் நின்றது; அவன் அதைத் தாண்டி ஓடினான்! கொஞ்சம் மூச்சு வாங்க நடந்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடியும் ஓடினான். கடைசியில் டீக்கடை வாசலில் அகப்பட்டான்.

"பந்தயத்துக்குப் பழகுறேங்க ஐயா. அஞ்சு கிலோமீட்டர். சென்னையில நடக்குது."

"ஜெயித்தால் என்ன தருவார்கள்?"

சிரித்துவிட்டான். "நான் எங்கேங்க ஜெயிக்கிறது? போன தடவை இருபத்தாறு நிமிஷம். இந்தத் தடவை இருபத்தஞ்சுக்குள்ள வரணும், அவ்வளவுதான். நாமதான் பணம் கட்டி ஓடணும்!"

கையிலிருந்து பணம் கட்டி, உடம்பை வருத்தி, யாரையும் வெல்லாமல் வீடு திரும்புகிறவனைப் பைத்தியம் என்று சொல்லலாம். இங்கிலீஷ்காரன் அவனுக்கு 'அமெச்சூர்' என்று மதிப்பான பெயர் வைத்திருக்கிறான். பணத்துக்காக அல்லாமல் பிரியத்துக்காகச் செய்கிறவன் என்பது அதன் பொருள். ஆனால் இந்தப் பெயரை வைத்தவர்கள் மண்ணூர் இளைஞனைத் தங்கள் மைதானத்துக்குள் விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள். அது ஒரு விசித்திரமான சரித்திரம்.

1860-களில் லண்டனில் 'அமெச்சூர் அத்லெடிக் கிளப்' என்று ஒரு சங்கம் தோன்றியது. அமெச்சூர் யார் என்பதற்கு அவர்கள் இலக்கணம் வகுத்தார்கள். பணப் பரிசுக்காக ஓடியவன் அமெச்சூர் அல்ல. சரி, நியாயம். அதோடு விட்டார்களா? யந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலிக்காரன், இவர்களும் அமெச்சூர் அல்ல என்று சேர்த்தார்கள்! ஒரு காசு வாங்காமல் ஓடினாலும் பட்டறைக்காரன் பட்டறைக்காரனே. உடலுழைப்பினால் அவனுக்கு ஏறியிருக்கும் பலம் மற்றவர்களுக்குப் பாதகம் என்று காரணம் சொன்னார்கள். சொல்லாத காரணத்தை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை. கனவான், தன் வண்டிச் சக்கரத்தைப் பழுது பார்க்கிறவனிடம் பத்துப் பேர் முன்னிலையில் தோற்பதாவது!

1880-ல் ஆக்ஸ்போர்டில் புதிதாக ஒரு சங்கம் கூடி, ஓட்டப் பந்தயங்களைப் பொறுத்தவரை இந்த ஷரத்தைக் கைவிட்டது. படகுப் பந்தயக்காரர்கள் அதை மேலும் அரை நூற்றாண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டக்காரனுக்குக் கதவு திறந்தது. ஆனால் பணம் தொடக் கூடாது என்ற பூட்டு மட்டும் மிஞ்சியது. அந்தப் பூட்டு யாரை வாட்டும்? பணமில்லாதவனைத்தான். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த ஜிம் தோர்ப் 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். முன்பு அற்பச் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவர் என்று கண்டுபிடித்து மறு வருஷமே அவற்றைப் பறித்தார்கள். 1953-ல் அவர் காலமானார். பதக்கங்கள் அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது 1983-ல். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022-ல்!

இதைக்கொண்டு அமெச்சூர் என்பதே மோசடி என்று தீர்த்துவிடுவதும் நியாயமல்ல. 1954 மே 6-ந் தேதி ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 வினாடியில் ஓடி உலகத்தைத் திகைக்க வைத்த ரோஜர் பானிஸ்டர் ஒரு மருத்துவ மாணவர். அன்று காலையில்கூட ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் பந்தயத்துக்கு வந்தார். அவர் பழகிய விதம் எளிமையானது. கால் மைல் வேகமாக ஓடுவது. இரண்டு நிமிஷம் ஆசுவாசம். மறுபடி கால் மைல். இப்படிப் பத்துத் தடவை. நான்கு நிமிஷ மைலின் வேகத்தில் ஒரு மூச்சாக ஒரு மைல் ஓட முடியாதவன், துண்டு துண்டாக இரண்டரை மைல் ஓடி உடம்புக்கு அந்த வேகத்தைப் பழக்கிவிடலாம். மண்ணூர் இளைஞன் ஓடியும் நடந்தும் கடிகாரம் பார்த்ததும் இந்த வித்தைதான்.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. மலேசியத் தமிழர் மாணிக்கவாசகம் ஜெகதீசன் பதினாறு வயதில் ரோம் ஒலிம்பிக்கில் ஓடினார். 1962-ல் ஜகார்த்தாவில் 200 மீட்டரில் தங்கம். சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே 1966-ல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். 'பறக்கும் டாக்டர்' என்று பெயர் வந்தது. 1968-ல் மெக்ஸிகோவில் அவர் 20.92 வினாடியில் 200 மீட்டர் ஓடியது அரை நூற்றாண்டுக் காலம் மலேசியாவின் தேசிய சாதனையாக நின்றது. ஓட்டத்தை விட்ட பிறகு மருத்துவ ஆராய்ச்சியிலே பேர் வாங்கினார்.

இருவரும் காசு வாங்கவில்லை. ஆனால் காசைவிடப் பெரிய ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதுதான் பொழுது. பானிஸ்டருக்கு மத்தியான இடைவேளை இருந்தது. பக்கத்தில் மைதானமும் இருந்தது. தேசப் பிரிவினையில் பெற்றோரை இழந்த மில்கா சிங்குக்கு அந்தப் பொழுதை ராணுவம் கொடுத்தது. ஓட்டத்தில் தேறியதற்கு தினம் ஒரு தம்ளர் பால் அதிகமாகவும் கொடுத்தது. அந்த மனிதர்தான் 1960-ல் ரோமில் 400 மீட்டரில் நாலாவதாக வந்தார்.

1974-ல் ஒலிம்பிக் சாசனத்திலிருந்து 'அமெச்சூர்' என்ற சொல்லே போய்விட்டது. சர்வதேசத் தடகளச் சம்மேளனமும் 2001-ல் தன் பெயரிலிருந்து அதை நீக்கிவிட்டது. வல்லவர்கள் இன்று பகிரங்கமாகவே பணம் வாங்கி ஓடுகிறார்கள், அது நல்லதே. அவர்கள் வேண்டாமென்று கழற்றி எறிந்த பட்டத்தை, மண்ணூர்ச் சாலையில் ஓர் இயந்திரத் தொழிலாளி எடுத்து அணிந்துகொண்டிருக்கிறான்!

"தினம் பழகுவாயா?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுதுங்க. ராத்திரி ஷிப்ட் வந்தா ஓடுறதா, தூங்குறதான்னு ஆயிடும். லாரி வேற."

விதிப் புத்தகத்தில் இருந்த ஷரத்து ஒழிந்தது. ஆனால் கடிகாரத்தில் இன்னும் இருக்கிறது. ஓர் ஊருக்கு ஒரு மைதானம், வண்டி வராத ஒரு பாதை, முன்கூட்டியே தெரிகிற ஒரு விடுமுறை: இவ்வளவு கிடைத்தால் போதும், அந்த ஷரத்தும் போய்விடும்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். மந்திரத்தின் பொருளை அறிய அவர் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்றும், அறிந்த பிறகு கோபுரத்தின் மேல் ஏறி எல்லாருக்கும் உரக்கச் சொல்லிவிட்டார் என்றும் பெரியோர் சொல்வார்கள். பதினெட்டு முறை நடப்பதற்கு இந்த இளைஞன் தயார். கோபுரத்தில் ஏறிக் கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்தான்.

டீக் கிளாஸை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் மூணு பாக்கி இருக்குங்க ஐயா" என்று சொல்லி, ஓடிவிட்டான்.