மண்ணெண்ணெயும் கசடும்: ஒரு பட்டறை வழக்கத்தின் வரலாறு

லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, காலாகாலத்தில் ஆயில் மாற்றப்படாமல் ஓடிய ஒரு காரின் டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே உலோகமே கண்ணுக்குத் தெரியாது. ராக்கர்களுக்கு நடுவிலும் ஸ்பிரிங்குகளைச் சுற்றியும் தார் போலக் கறுத்த கசடு அப்பிக் கிடக்கும். இதற்குப் பட்டறைகளில் நெடுங்காலமாகக் கைமருந்து ஒன்று இருக்கிறது. பழைய ஆயிலை இறக்கிவிட்டு, மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு, கறுப்பாக வருவதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவார்கள். அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் ரசாயனங்கள் இப்போது ‘இன்ஜின் ஃப்ளஷ்’ என்ற பெயரில் டப்பாவில் அடைத்து விற்கப்படுகின்றன. இந்த வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. அது ஒரு காலத்தில் கார் நிறுவனமே எழுதிக்கொடுத்த முறை. ஆனால் எந்த இன்ஜினுக்காகவும் எந்த ஆயிலுக்காகவும் அது பிறந்ததோ, அவை இரண்டும் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சேர்ந்த கசட்டை வேகமாகக் கழுவ முயல்வது ஏன் ஆபத்து என்பதை இந்த வரலாற்றிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி காரின் கையேடு இதற்கு நல்ல சான்று. புது வண்டி முதல் 400, 500 மைல் ஓடியதும் அழுக்கு ஆயிலை வடித்துவிட வேண்டும். அதன் பிறகும் சில நூறு மைல்களுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வடித்த பின் ஒரு கேலன் மண்ணெண்ணெயை உள்ளே ஊற்ற வேண்டும். பிறகு இன்ஜினைக் கையால் பதினைந்து இருபது முறை சுற்றினால், தெறிக்கும் மண்ணெண்ணெய் உட்புறத்தைக் கழுவிவிடும். அடியிலுள்ள பள்ளங்களில் எதுவும் தங்காமல் இறங்குவதற்காக, நடைபாதை விளிம்பின் உயரமுள்ள சிறு ஏற்றத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தச் சொல்கிறது கையேடு. இந்தக் குறிப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மண்ணெண்ணெயோடு இன்ஜினை ஓடவிடச் சொல்லவில்லை, கையால் சுற்றத்தான் சொன்னார்கள். கழுவிய எண்ணெய் துளியும் உள்ளே தங்கக் கூடாது என்பதிலும் கருத்தாக இருந்தார்கள். அந்த 20 குதிரைத்திறன் இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. ஃபிளைவீல் அள்ளி வீசும் ஆயில் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போய், பள்ளங்களில் தேங்கித் தெறித்தே பாகங்களை நனைத்தது. பம்ப் இல்லாததால் பம்பின் வலை அடைபடும் என்ற பயமும் இல்லை. அந்த இயந்திரத்துக்கு அந்த வைத்தியம் முற்றிலும் பொருத்தமானது.

அன்றைய ஆயிலும் வேறு. கச்சா எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த வெறும் எண்ணெய் அது. அழுக்கைக் கரைத்துச் சுமக்கும் சேர்மானம் எதுவும் அதில் கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறினாலும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் புகை கொஞ்சம் ஈரத்தையும், பாதி எரிந்த பெட்ரோலையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் கொண்டுவருகிறது. இன்ஜின் சரியாகச் சூடேறாத குறுகிய ஓட்டங்களில் இந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலக்கிறது. கசடு என்பது இவை எல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்ட பொருள். சேர்மானம் இல்லாத ஆயிலில் அது அடியில் படிந்தது. அதனால் சில நூறு மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், சம்ப்பைக் கழற்றித் துடைப்பதும் அன்று சாதாரண பராமரிப்பாக இருந்தன. கழுவுவது அடிக்கடி நடந்ததால், ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டிய கசடு குறைவாகவே இருந்தது. பல ஆண்டுக் கசட்டை ஒரே நாளில் கழற்றும் முயற்சியாக அது இருக்கவில்லை.

நிலைமையை மாற்றியது டீசல். 1930களில் கேட்டர்பில்லர் டிராக்டர்களின் டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் வளையங்கள் கரி பிடித்து இறுகிப்போயின. வெறும் எண்ணெய் அந்தச் சூட்டுக்குத் தாங்கவில்லை. அந்தப் பத்தாண்டின் நடுவில் உலோகச் சோப்பு வகைச் சேர்மங்கள் கலந்த ஆயில்கள் சந்தைக்கு வந்தன. டிடர்ஜன்ட் ஆயில் என்ற குடும்பம் இவ்வாறு தொடங்கியது. 1947-இல் அமெரிக்க பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ., ஆயில்களை ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி என மூன்றாக வகுத்தபோது, சேர்மானம் நிறைந்த ஹெவி டியூட்டி தனி வகையாக நின்றது. இந்த ஆயில் அழுக்கைப் படியவிடாமல் நுண்துகளாகத் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஆயில் மாற்றும்போது அழுக்கும் சேர்ந்தே வெளியேறும். சீக்கிரமே கறுத்துப்போகும் ஆயில் கெட்ட ஆயில் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. உண்மையில் அந்தக் கறுப்பு, ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கிறது. கழுவும் வேலை மண்ணெண்ணெயிடமிருந்து ஆயிலின் கைக்கு மாறியது இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் அன்றே எழுந்தது. வெறும் எண்ணெயில் ஓடிப் பழகிய பழைய இன்ஜினில் திடீரென்று டிடர்ஜன்ட் ஆயிலை ஊற்றினால், படிந்த கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஆயில் வழியை அடைத்துவிடும் என்று அனுபவசாலிகள் எச்சரித்தார்கள். அப்படியானால் பழையதைத் தொடாமல் விடுவதே மேல் அல்லவா என்று கேட்கலாம். அந்த எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது, ஆனால் அதிலிருந்து இந்த முடிவு வராது. ஆயில் கழுவியதில் தவறில்லை. கழுவிய வேகத்தில்தான் ஆபத்து இருந்தது. ஆகவே ஆயில் வகையை மாற்றியவர்கள் முதல் சில முறை குறைந்த தூரத்திலேயே மாற்றிக்கொள்வது நல்ல வழியாக இருந்தது. ஆயிலே வேகமாகக் கழுவினால் ஆபத்து என்றால், அதைவிடக் கடுமையான கரைப்பானைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய இன்ஜினில் ஆயில் பயணிக்கும் வழி மாடல் டி-யின் வழியைப் போன்றதல்ல. சம்ப்பின் அடியில் ஒரு வலை. அதன் வழியாகப் பம்ப் ஆயிலை உறிஞ்சி, பில்டரில் வடித்து, குறுகிய துளைகள் வழியாகக் கிராங்க் பியரிங்குகளுக்கும் மேலே கேம் ஷாஃப்டுக்கும் அழுத்தத்தோடு அனுப்புகிறது. பெயர்ந்த கசடு முதலில் போய்ச் சேரும் இடம் அந்த வலை. அது அடைபட்டால் ஆயில் நிறைய இருந்தும் மேலே ஏறாது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிவதற்குள் பியரிங் தேய்ந்திருக்கும். இன்ஜின் ஜாம் ஆனால் முழு இன்ஜின் வேலைதான். இது போதாதென்று, மண்ணெண்ணெய் பியரிங்கைத் தாங்கும் ஆயில் படலத்தையும் மெலியச் செய்துவிடுகிறது. கையால் சுற்றும்போது தாங்கிய உலோகம், நிமிடத்துக்கு ஆயிரம் சுழற்சியில் ஓடும்போது தாங்காது.

நல்ல ஆயில் வந்துவிட்டதே, கசடு இனி முழுக்க உரிமையாளரின் அலட்சியம்தானே என்றும் கேட்கலாம். வரலாறு அதையும் ஏற்கவில்லை. சம்ப்பிலிருந்து புகையை வெளியேற்றும் பழைய குழாய், வண்டி ஓடும்போது மட்டுமே இழுத்தது. ஊர்ந்து போகும் நெரிசலில் புகை உள்ளேயே தங்கியது. கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களில் அந்தப் புகையை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் பி.சி.வி. வால்வு வந்தது, 1963 வாக்கில் அமெரிக்கா முழுவதும் பரவியது. காற்று மாசைக் குறைக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சிறு வால்வு அடைபட்டால் கசடு முன்னைவிட வேகமாகச் சேர்ந்தது. 1980களில் ஐரோப்பாவில் கறுப்புக் கசடு பெரிய சிக்கலாக வெடித்தது. நீண்டுவிட்ட ஆயில் மாற்று இடைவெளி, நெரிசலும் அதிவேக நெடுஞ்சாலையும் மாறி மாறி வரும் ஓட்டம், சூடு கூடிய இன்ஜின் ஆகியவை ஒன்றுசேர்ந்ததன் விளைவு அது. கசட்டுச் சோதனையைக் கடுமையாக்கிய ஏ.பி.ஐ.யின் எஸ்.ஜி. ஆயில் தரம் 1989-இல் வந்தது. டொயோட்டாவின் சில இன்ஜின்களில் எழுந்த கசட்டுப் புகார்களுக்கு, ஆயில் மாற்றாததே காரணம் என்று நிறுவனம் சொல்லிவந்தது. ஆனாலும் 2002-இல், 1997 முதல் 2002 வரையிலான சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு எட்டாண்டுப் பாதுகாப்பை அதுவே அறிவித்தது. அலட்சியம் உண்மையான காரணம்தான். ஆனால் ஒரே அளவு அலட்சியத்தை ஓர் இன்ஜின் தாங்குகிறது, இன்னொன்று தாங்குவதில்லை. வடிவமைப்பு, ஆயில், ஓட்டுபவர் ஆகிய மூன்றும் கசட்டில் பங்காளிகள்.

ஃப்ளஷ் செய்த எத்தனையோ வண்டிகள் நன்றாக ஓடுகின்றனவே என்பது பட்டறைகளின் வலுவான வாதம். அவை நன்றாக ஓடுவதற்குக் காரணம், பெரும்பாலும் அவற்றில் கழுவுவதற்குக் கசடு அதிகம் இருக்கவில்லை என்பதே. உண்மையில் கசடு மண்டிய வண்டிக்குத்தான் அந்த வைத்தியம் தேவைப்படுகிறது. அதற்குத்தான் அது மிகவும் ஆபத்தானது. அம்பாசிடரும் பத்மினியும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஓடிய காலத்தில், புது வண்டிக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால் இருக்கிற இன்ஜினைத் திரும்பத் திரும்பப் பிரித்து, கையால் கசட்டைச் சுரண்டி, மறுபடி பூட்டிய கைத்திறன் நம் மெக்கானிக்குகளிடம் வளர்ந்தது. மீட்டெடுக்க வேண்டியது அந்தப் பாரம்பரியம். அதிகம் ஓடிய வண்டியில் சந்தேகம் எழுந்தால் முதலில் டேப்பட் கவரைத் திறந்து பார்க்க வேண்டும். கசடு கெட்டியாக இருந்தால் சம்ப்பை இறக்கி, வலையைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்து, பி.சி.வி. வால்வை மாற்ற வேண்டும். பிறகு நிறுவனம் சொன்ன தரத்திலான நல்ல ஆயிலை ஊற்றி, முதல் சில முறை பாதித் தூரத்திலேயே பில்டரோடு மாற்றினால், மீதியை ஆயிலே மெல்லக் கரைத்துக்கொண்டு போகும். ஒரு சம்ப் கேஸ்கெட்டும் சில மணி நேர வேலையும் முழு இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. மாடல் டி கையேட்டை எழுதியவர்கள் தங்கள் இயந்திரத்தின் அமைப்பை அறிந்து அதற்கேற்ற முறையைச் சொன்னார்கள். தொழில் பழகும் இளைஞர்களுக்கு முறையை மட்டும் கற்றுக்கொடுத்தால் அது காலம் கடந்தும் தொடரும். அதன் காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், எப்போது அதைக் கைவிட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.